முதலில் வாங்க வேண்டியது ஒலிபெருக்கியே!

நம் இயற்பியல் துறையில் மூன்று மாணவர்கள் சேர்ந்து ஒரு மின்னணுக் கருவி செய்யத் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் எதை வாங்குவார்கள்? நுண்கட்டுப்படுத்திப் பலகையை. அடுத்து உணரிகள், பிறகு பெருக்கிச் சில்லு, பிறகு கம்பிகள், மின்கலங்கள். எல்லாம் வாங்கி முடித்தபின் கையில் எஞ்சிய சில்லறையோடு கடைக்காரரிடம், "அண்ணே, சின்னதா ஒரு ஸ்பீக்கர் குடுங்க" என்பார்கள். அவரும் மேசையறையில் கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுப்பார். எத்தனை ஓம், எத்தனை அங்குலம் என்று கேட்பவரும் இல்லை, சொல்பவரும் இல்லை. கருவி வாய் திறக்கும்போது கரகரப்பதும், இரண்டு முழத்துக்கு அப்பால் நிற்பவருக்கு எட்டாமற் போவதும் இதனால்தான். ஆனால் பழி விழுவதோ பெருக்கியின் மீது!

இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் வாதம். ஐந்து, ஆறு வோல்ட்டில் இயங்கும் எந்தப் பேசும் கருவிக்கும் ஒலிபெருக்கியைத்தான் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றவை அதன் பின்னே வர வேண்டும். இல்லத்து மின்சாரத்தில் ஓடும் பெரிய பெருக்கிகளுக்கு இது அத்தனை பொருந்தாது. அங்கே ஆற்றல் வெள்ளமாக வருகிறது, வீணானாலும் தெரியாது. நாமோ குடத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு பயிர் செய்கிறவர்கள்.

ஒரு சிறு ஒலிபெருக்கிக்கு இத்தனை ஆரவாரமா என்று தமிழ்த்துறை, வரலாற்றுத் துறை நண்பர்கள் நகைக்கக் கூடும். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம் வகுப்புகளில் நம்மோடு பார்வையற்ற நண்பர்களும் பயில்கிறார்கள். எங்கள் துறையில் எவரேனும் ஒரு குழுவினர் அவர்களை எண்ணிப் 'பேசும் கைத்தடி' செய்வது வழக்கமாகிவிட்டது. மீயொலி உணரி எதிரே உள்ள தடையை அறியும். முன்பே பதிந்து வைத்த சொல்லைச் சில்லு ஒலிக்கும். "படி" என்று தடி சொன்னால் முன்னே படிக்கட்டு இருக்கிறது என்று பொருள். அந்த முதல் எழுத்துத் தெளிவாகக் கேளாவிட்டால் என்னாகும்? அது 'படி' என்கிறதா, 'அடி' என்கிறதா, 'கடி' என்கிறதா, 'தடி' என்கிறதா? ஐயம் தீர்வதற்குள் கால் இடறிவிடும்.

நம் இலக்கணத்தார் எழுத்துகளை உயிர் என்றும் மெய் என்றும் பிரித்தார்கள். ஒலியியலிலும் இந்தப் பிரிவு பொருந்தி வருவது எனக்கு எப்போதும் வியப்பூட்டும். பேச்சின் வலிமை பெரும்பாலும் உயிரொலிகளில் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டும் வேலையோ பெரும்பாலும் மெய்களைச் சார்ந்தது. க், ச், ட், த், ப் என்ற வல்லினங்கள் நொடியில் நூற்றில் சில பங்கே நிற்கும் மெல்லிய வெடிப்புகள். அவற்றின் அடையாளம் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கும் மேலே பரவிக் கிடக்கிறது. மட்டமான ஒலிபெருக்கி உயிரைக் கேட்கச் செய்யும், மெய்யை விழுங்கிவிடும். "சத்தம் வருது, என்ன சொல்லுதுன்னு தெரியல" என்று நாம் அடிக்கடி கேட்கும் குறை இதுவேதான்.

அப்படியானால் காதில் மாட்டும் கருவியைக் கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். கூடாது. பார்வையற்றவருக்குத் தெருவைக் காட்டுவது அவருடைய காதுகள். பேருந்து வருவதும், மிதிவண்டி விலகுவதும், சுவர் அருகில் இருப்பதும் அவருக்குச் செவி வழியாகவே புலனாகின்றன. அந்தக் காதை அடைத்துவிட்டு அவருக்கு உதவி செய்கிறோம் என்பது என்ன நியாயம்? ஆகவே தடியின் கைப்பிடியிலோ சட்டைப் பையிலோ திறந்த வெளியில் பேசும் ஒரு சிறு ஒலிபெருக்கிதான் வேண்டும். அது தெரு இரைச்சலை மீறிப் பேச வேண்டும். கையளவு மின்கலத்தில் நாள் முழுதும் உழைக்கவும் வேண்டும். எளிய வேலையன்று!

முதலில் வாட் என்னும் மாயையைக் கலைத்துவிடுகிறேன். ஒலிபெருக்கியின் முதுகில் '8 ஓம், 0.5 வாட்' என்று அச்சிட்டிருப்பார்கள். '3 வாட்' என்று போட்டிருந்தால் அதுவே ஆறு மடங்கு உரத்துப் பேசும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்த எண் அது தாங்கும் அளவு. தரும் அளவு அன்று. நூறு மூட்டை தாங்கும் வண்டி என்றால் வண்டியில் நூறு மூட்டை இருக்கிறது என்று பொருளாகுமா? 1990களில் நம் கடைத்தெருக்களில் விற்ற ஒலிப்பெட்டிகளின் மேல் 'பி.எம்.பி.ஓ.' என்ற நான்கெழுத்தோடு ஆயிரக்கணக்கில் வாட் எழுதியிருந்தார்கள். அந்த நோய் இன்னும் முழுவதும் தீரவில்லை. இன்னும் சொல்லப்போனால், அதிகம் தாங்குவதற்காகச் சுருளையும் கூம்பையும் கனமாகச் செய்யும்போது அதே ஆற்றலுக்கு ஒலி குறைவதும் உண்டு.

இனி ஐந்து வோல்ட்டின் கதைக்கு வருவோம். ஓம் விதியை மறந்தவர் நம்மில் இரார். ஆர்டுயினோ ஊனோ பலகையின் ஒரு முனையிலிருந்து 8 ஓம் ஒலிபெருக்கியை நேரே இணைத்தால், கணக்குப்படி 625 மில்லி ஆம்பியர் பாய வேண்டும். அந்த முனை 20 மில்லி ஆம்பியரோடு நிற்பது நலம்; 40 என்பது தாண்டவே கூடாத எல்லை. குருவி தலையில் பனங்காய் என்பது இதுதான்! இடையே 220 ஓம் தடையைத் தொடரில் வைத்தால் குருவி பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஒலிபெருக்கிக்குக் கிட்டுவது சுமார் 4 மில்லிவாட் மட்டுமே. மற்றதெல்லாம் தடையில் வெப்பமாகப் போகும். ஒரு டிரான்சிஸ்டரையாவது நடுவில் நிறுத்துவதுதான் முறை. அதிலும் பி.சி. 547 தாங்கும் மின்னோட்டம் 100 மில்லி ஆம்பியரே என்பதை மறக்கலாகாது.

நம் ஆய்வகங்களில் நெடுநாளாக ஆட்சி செய்வது எல்.எம். 386 என்னும் எட்டுக்கால் சில்லு. 6 வோல்ட்டில், 8 ஓம் சுமைக்கு அது ஏறத்தாழ 325 மில்லிவாட் தரும் என்று அதன் விவரத்தாள் கூறுகிறது. ஆனால் அது 10 விழுக்காடு உருக்குலைவோடு வரும் ஆற்றல் என்பதையும் அதே தாள் சொல்கிறது; அந்த வரியை யாரும் படிப்பதில்லை. 5 வோல்ட்டில் இன்னும் குறையும். இதன் வெளிவாயிலில் நாம் இடும் மின்தேக்கியும் ஒரு வாயிற்காவலனே. 250 மைக்ரோஃபாரட் இட்டால் 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 80 ஹெர்ட்ஸ் வரை வழிவிடும். கைக்குக் கிடைத்தது 10 மைக்ரோஃபாரட்தான் என்று அதை இட்டால் 2000 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் படிப்படியாகத் தேய்ந்து, பேச்சு கொசுவின் ரீங்காரமாகிவிடும். இதற்கும் ஒலிபெருக்கியைத்தான் திட்டுவார்கள்.

இப்போது மலிவாகக் கிடைக்கும் பி.ஏ.எம். 8403 போன்ற சில்லுகள் ஒலிபெருக்கியின் இரு முனைகளையும் எதிரெதிராக இயக்குகின்றன. அதனால் அதே 5 வோல்ட்டில் நான்கு மடங்கு ஆற்றலை எட்ட முடிகிறது: 8 ஓமில் ஒன்றரை வாட், 4 ஓமில் 3 வாட் என்ற அளவில். இவற்றில் ஒலிபெருக்கியின் எந்த முனையையும் தரையோடு இணைக்கலாகாது. பழைய வழக்கப்படி ஒரு முனையைத் தரையில் முடிந்தால் சில்லின் ஆயுளும் அங்கேயே முடியக்கூடும்.

4 ஓமா, 8 ஓமா என்ற வினாவுக்கு இங்கேதான் விடை காண வேண்டும். மின்னழுத்தம் மாறாதிருக்கையில் ஓம் பாதியானால் ஆற்றல் இரட்டிக்கும். உடனே ஒலியும் இரட்டிக்கும் என்று மகிழ வேண்டா. ஆற்றல் இரட்டிப்பது 3 டெசிபல் உயர்வே. காது அதை 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்று உணரும், அவ்வளவுதான். 'இரு மடங்கு உரக்கக் கேட்கிறது' என்று காது ஒப்புக்கொள்ள ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு ஆற்றல், வேண்டும். அந்த 3 டெசிபலுக்காக மின்கலத்திலிருந்து இரு மடங்கு மின்னோட்டத்தை உறிஞ்சுகிறோம். கைத்தடியில் இருக்கும் மின்கலம் சிறியது. ஓங்கிய ஒலி வரும்போதெல்லாம் அதன் மின்னழுத்தம் தாழும். தாழ்ந்தால் நுண்கட்டுப்படுத்தி மயங்கி விழுந்து மீண்டும் முதலிலிருந்து எழும். பேசிக்கொண்டே இருந்த கருவி திடீரென்று 'வணக்கம்' என்று தொடங்குவதைக் கண்காட்சிகளில் பலர் கண்டிருப்பீர்கள். 9 வோல்ட் சிறு பெட்டிக்கலத்தில் இயக்கினால் இது நிச்சயம்; அதன் அகத்தடை மிகுதி. எனவே என் கருத்து, மின்கலக் கருவிகளுக்கு 8 ஓமே போதும். வெறும் எச்சரிக்கை ஒலிக்கு, அதுவும் ஒரு டிரான்சிஸ்டரின் துணையோடு மட்டும் இயக்குவதற்கு, 32 அல்லது 64 ஓம் இன்னும் நன்று.

அந்த 3 டெசிபலை, ஏன், 10 டெசிபலையே மின்கலத்தைத் தொடாமல் பெறும் வழி ஒன்று இருக்கிறது. அதுதான் ஒலிபெருக்கியின் உணர்திறன். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால் எத்தனை டெசிபல் என்பதே அதற்கு இலக்கணம். 28 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பொம்மை ஒலிபெருக்கி 78 டெசிபல் தருகிறது என்றும், 3 அங்குல ஒலிபெருக்கி ஒன்று 88 தருகிறது என்றும் கொள்வோம். கைத்தடி தருவது கால் வாட். கேட்பவர் காது அரை மீட்டரில் இருக்கிறது. ஆற்றல் கால் பங்கானதால் 6 டெசிபல் போயிற்று. தொலைவு பாதியானதால் 6 டெசிபல் வந்தது. ஆக, காதில் விழுவது முறையே அதே 78, அதே 88. தெருவின் இரைச்சல் 75 என்றால் முதலாவது இரைச்சலோடு கைகலந்து கிடக்கும். இரண்டாவது அதன் தலைமேல் ஏறி நின்று பேசும். முதலாவதை இரண்டாவதற்கு இணையாக்க இரண்டரை வாட் ஊட்ட வேண்டும். அரை வாட் தாங்கும் அந்தச் சின்னச் சுருள் அதற்கு முன் கருகிவிடும். ஒலிபெருக்கியை மாற்றியதால் வந்த ஆதாயத்தைப் பெருக்கியை மாற்றிப் பெற முடியாது என்று நான் சொல்வது இதைத்தான்.

விவரத்தாளிலும் கண்ணைத் திறந்துகொண்டு படிக்க வேண்டும். சிறு ஒலிபெருக்கி செய்வோர் பலர் ஒரு மீட்டரில் அளப்பதில்லை. 10 சென்டிமீட்டரில் அளந்து அதன் எண்ணைப் போடுகிறார்கள். பத்தில் ஒரு பங்குத் தொலைவு என்பதால் எண் 20 டெசிபல் உயர்ந்துவிடும். '98 டெசிபல்' என்று மார்தட்டும் ஒன்று உண்மையில் 78 ஆக இருக்கும். இதற்கு மாறாக 0.1 வாட்டில் அளந்து அடக்கமாகச் சொல்வோரும் உண்டு. அதனோடு 10 கூட்டிக்கொள்ள வேண்டும். பொய் என்று சொல்வதற்கில்லை. அடிக்குறிப்பில் எல்லாம் எழுதித்தான் இருக்கிறது.

"நம் கடைகளில் விவரத்தாள் எங்கே கிடைக்கிறது?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. சென்னை ரிச்சி தெருவிலும் கூட, குவியலில் கிடக்கும் ஒலிபெருக்கிக்குச் சாதகக் குறிப்புத் தர மாட்டார்கள். ஆனால் நமக்குக் காதுகள் இருக்கின்றன. கல்லூரியில் நீண்ட தாழ்வாரமும் இருக்கிறது. ஒரே பெருக்கி, ஒரே ஒலியளவு, ஒரே அட்டைப் பலகை. ஒலிபெருக்கியை மட்டும் மாற்ற வேண்டும். படி, அடி, கடி, தடி, கல், பல், சொல், நெல் என்று முறையின்றிக் கலந்த சொற்களைப் பதிந்து ஒலிக்கச் செய்து, தாழ்வாரத்தில் பத்தடி, இருபதடி, முப்பதடி நின்று கேட்டதை எழுத வேண்டும். எத்தனை சரி என்று எண்ணினால் போதும். இது என் கண்டுபிடிப்பன்று. தொலைபேசியைச் செம்மை செய்வதற்காக அமெரிக்கப் பெல் ஆய்வகத்தில் ஹார்வி ஃப்ளெட்சரும் அவருடைய தோழர்களும் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், பொருளற்ற அசைகளைப் படிக்கச் சொல்லி, கேட்டவர்கள் எழுதியதைத் திருத்தி எண்ணியது இவ்வாறுதான்.

அந்தத் தொலைபேசிக்காரர்கள் நமக்கு இன்னொரு பாடமும் விட்டுச் சென்றிருக்கிறார்கள். பழைய தொலைபேசி கடத்தியது 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே. ஆணின் குரலின் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் 100க்கும் 150க்கும் இடையே இருக்கும்; அது கம்பியில் ஏறவே இல்லை. ஆயினும் "அப்பா பேசுகிறார்" என்று குழந்தை அறிந்துகொண்டது. மேலே உள்ள இசைவொலிகளைக் கொண்டு காது தானே அடிப்படையைக் கட்டிக்கொள்கிறது. ஆகவே பேசும் கருவிக்கு 'பேஸ்' தேடி அலைவது வீண். பெருவிரல் அளவுள்ள ஒலிபெருக்கியில் இடிமுழக்கம் கேட்க வேண்டும் என்று கனத்த கூம்பும் தளர்ந்த ரப்பர் விளிம்பும் வைத்துச் செய்கிறார்கள். அவற்றின் உணர்திறன் படுத்துவிடுகிறது. சிறிய உருவம், ஆழ்ந்த ஒலி, மிகுந்த திறன் என்ற மூன்றில் இரண்டைத்தான் ஒருங்கே பெறலாம் என்பதை ஒலிபெருக்கி வல்லுநர்கள் 'ஹாஃப்மன் இரும்பு விதி' என்பார்கள். கைத்தடிக்கு எதை விட்டுக்கொடுப்பது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

இதை நன்கு அறிந்திருந்தவர்கள் அந்நாளைய வானொலிப் பெட்டி செய்தவர்கள். இன்று நாம் காணும் அசையும் சுருள் ஒலிபெருக்கிக்கு அமெரிக்காவின் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் 1925இல் வடிவம் தந்தார்கள். டிரான்சிஸ்டர் வந்து, மின்கலமே கதி என்றானபோது நம்முடைய இதே சிக்கல் அவர்களுக்கும் வந்தது. 1954இல் வெளிவந்த ரீஜென்சி டி.ஆர்.-1 என்ற முதல் கையடக்க டிரான்சிஸ்டர் வானொலி, சட்டைப் பைக்காக ஒலிபெருக்கியைச் சுருக்கியது. அடுத்த ஆண்டே ரேதியான் நிறுவனத்தார் 4 அங்குல ஒலிபெருக்கியோடு பெரிய பெட்டியாகவே ஒன்றை வெளியிட்டார்கள். சட்டைப் பைக்கா, காதுக்கா என்ற அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. நம் வீடுகளில் பரண்மேல் கிடக்கும் பழைய வானொலிகளைத் திறந்து பாருங்கள். மெல்லிய காகிதக் கூம்பு, முரட்டுக் காந்தம்! சில நூறு மில்லிவாட்டைக் கொண்டு கூடம் நிறையப் பாட வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். புதிதாக வாங்கும் பளபளப்பான ஒன்றைவிடப் பரணில் உறங்கும் அந்தக் கிழவன் நம் 5 வோல்ட்டுக்கு ஏற்றவன் என்பது என் துணிபு. காயலான் கடையிலும் கிடைக்கும்.

ஆனால் கிழவனின் உடல்நிலையைச் சோதித்துத்தான் அழைத்துவர வேண்டும். பல்பயன் அளவியில் பார்த்தால் 8 ஓம் ஒலிபெருக்கி ஆறேழு ஓம் காட்டும்; அது சரியே. நாம் அளப்பது கம்பியின் நேர்மின் தடையை மட்டும்தான். கூம்பை இருபுறமும் விரல்களால் சமமாக மெல்ல அழுத்தி விட்டால், உரசல் ஒலி கேட்கக் கூடாது. காகிதத்தில் சிறு கிழிசல் இருந்தால் மெல்லிய தாளும் பசையும் போதும். 1.5 வோல்ட் கலத்தை ஒரு கணம் தொட்டால் 'டக்' என்று கூம்பு முன்னே வரும். வந்தால் கலத்தின் நேர்முனை தொட்ட இடமே ஒலிபெருக்கியின் நேர்முனை.

இரண்டு ஒலிபெருக்கிகளைச் சேர்த்து வைப்போருக்கு இந்தச் சோதனை இன்றியமையாதது. ஒன்று முன்னே வரும்போது மற்றொன்று பின்னே போனால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரே திசையில் அசைந்தாலோ, இயற்பியல் ஒரு பரிசு வைத்திருக்கிறது. ஒரே மாதிரியான இரண்டு 8 ஓம் ஒலிபெருக்கிகளை நெருக்கமாக வைத்துத் தொடரில் இணைத்தால் 16 ஓம். மின்கலத்திலிருந்து எடுப்பது பாதி ஆற்றல். ஆனால் ஒவ்வொன்றும் தரும் ஒலியழுத்தம் பாதியாகி, இரண்டும் கூடுவதால் நேர் எதிரே நிற்பவருக்கு ஒன்று தந்த அதே ஒலி! பாதி மின்கலத்தில் முழு ஒலி. கூம்பின் பரப்பு கூடியதற்குக் கிடைத்த கூலி அது. சுவர்க்கடிகாரம், நீர்த்தொட்டி அறிவிப்பான் போன்ற இடமுள்ள கருவிகளுக்கு இதைச் செய்து பாருங்கள்.

அடுத்தது பெட்டி. இதைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பார்கள். ஒலிபெருக்கியின் வழக்கிலோ ஆடத் தெரிந்தவள்தான் நிற்கிறாள். கூடம்தான் உண்மையாகவே கோணல்! அல்லது கூடமே இல்லை. கூம்பு முன்னே காற்றை நெருக்கும் அதே கணத்தில் பின்னே காற்றை நெகிழ்த்துகிறது. 300 ஹெர்ட்ஸில் அலைநீளம் ஒரு மீட்டருக்கும் மேல். இரண்டு அங்குல ஒலிபெருக்கியின் விளிம்பைச் சுற்றி வர அந்த அலைக்கு ஒரு கணமும் ஆகாது. முன்னதும் பின்னதும் கூடிக் கழிந்துவிடுகின்றன. வீணையின் தந்தியைக் குடமில்லாத வெறும் கட்டையில் கட்டி மீட்டினால் எத்தனை கேட்கும்? கம்பிகளில் தொங்கும் வெறும் ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு "ஒலி போதவில்லை" என்பவர், ஓர் அட்டையில் வட்டமாகத் துளையிட்டு அதை அதன்மேல் வைத்துப் பார்க்கட்டும். ஒரு காசு செலவின்றிக் குரல் கனத்து எழுவதைக் கேட்கலாம்.

மூடிய பெட்டி இன்னும் நல்லது. இதற்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. கட்டடம் கட்டும் இடத்தில் எஞ்சிக் கிடக்கும் மூன்று அங்குல பி.வி.சி. குழாயில் ஒரு சாண் துண்டும் பின்புறத்துக்கு ஒரு மூடியும் போதும். இரண்டு அங்குல ஒலிபெருக்கிக்கு நெடுக்கில் பிளக்காத, வாய் வட்டமாக அறுத்த கொட்டாங்கச்சி மிக நன்றாக ஒத்துவரும். ஓடு கெட்டியானது, தானாக அதிராது. பிஸ்கட் தகரப் பெட்டி மட்டும் வேண்டா. அது தன் சொந்தக் குரலில் பாடும். மண்கலயமும் அப்படியே, அதன் கழுத்துக்கென்று ஓர் ஒத்ததிர்வு இருக்கிறது, எல்லாச் சொல்லும் கிணற்றுக்குள்ளிருந்து வரும். சந்துகளை எம்-சீல் கொண்டு அடைக்கலாம்; ஆனால் அசையும் விளிம்பில் ஒரு சொட்டும் படக் கூடாது. முன்னால் நாலே நாலு ஊசித்துளை போட்டு அழகு பார்க்கிறவர்கள், முன்பு சொன்ன மெய்யெழுத்துகளைத் தம் கையாலேயே நெரிக்கிறார்கள். மெல்லிய துணி போதுமே.

பீசோ ஒலிப்பானைப் பற்றியும் ஒரு சொல். அது பீங்கான் வில்லை; சுருளும் இல்லை, காந்தமும் இல்லை; மிகக் குறைந்த மின்னோட்டத்தில் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் அளவில் வீறிடும். மழை அறிவிப்பானுக்கும் தொட்டி நிறைந்த அறிவிப்புக்கும் அதைவிடச் சிறந்தது இல்லை. பேச வைக்க மட்டும் முயலாதீர்கள்.

எல்லாம் சரி, செயல்திட்டத்துக்கு மதிப்பெண் கிடைப்பது சுற்றுப்படத்துக்கும் நிரலுக்கும்தானே, ஒலிபெருக்கிக்கு யார் மதிப்பெண் போடுகிறார்கள் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உண்மைதான், என் மனத்தாங்கலும் அதுவே. நேர்முகத் தேர்வில் கருவி மேசைமேல் இருக்கும். தேர்வாளர் ஒரு முழ தூரத்தில் அமைதியான அறையில் அமர்ந்திருப்பார். கருவி என்ன சொல்லப் போகிறது என்பதை நாமே முன்கூட்டிச் சொல்லிவிடுவோம். அந்நிலையில் எந்தக் கரகரப்பும் தெளிவாகத்தான் கேட்கும். எதிர்பார்த்த சொல்லைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். பேசும் கருவிக்கு அது தேர்வே ஆகாது. பேராசிரியப் பெருமக்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்: அந்தத் தேர்வைத் தாழ்வாரத்தில், இடைவேளைக் கூச்சலின் நடுவே வைக்குமாறு வேண்டுகிறேன். கைத்தடியானால், அதை நாளை ஏந்தப்போகும் பார்வையற்ற நண்பர் ஒருவரே கேட்டு, கேட்ட சொற்களைச் சொல்லட்டும். நூறு மதிப்பெண்ணில் இருபதை அவர் கையில் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? கருவி யாருக்காகவோ அவரை ஒருமுறைகூடக் கேட்காமலே பரிசு வாங்கிக்கொண்டு, அதை அலமாரியில் பூட்டிவிடுகிறோமே, அதைவிட இது மேலன்றோ!

இன்னொரு வேண்டுகோள், இது எங்கள் துறைக்கு. இரண்டடிக்கு மூன்றடி ஒட்டுப்பலகை ஒன்றில் வரிசையாகத் துளையிட்டு, 28 மில்லிமீட்டர், 2 அங்குலம், 3 அங்குலம், 4 அங்குலம் என ஒலிபெருக்கிகளையும், 4 ஓம், 8 ஓம், 32 ஓம் வகைகளையும், ஒரு பீசோ வில்லையையும் பொருத்தி, சுழல் சாவி ஒன்றால் எதை வேண்டுமானாலும் இணைக்கும்படி செய்து ஆய்வகத்தில் நிறுத்த வேண்டும். எந்தக் குழுவும் தன் சுற்றைக் கொண்டுவந்து, கடைக்குப் போகுமுன் இதில் கேட்டுப் பார்க்கலாம். பாதிக்கு மேற்பட்டவை பழைய வானொலிகளிலிருந்தே கிடைத்துவிடும், மாணவர்களே கொண்டுவருவார்கள். ஒலியியல் பகுதியில் சோனாமீட்டர்களுக்கு அடுத்து, சாளரத்தோரம், அதற்கு இடமும் இருக்கிறது. ஆனால் காந்தச் சோதனைக்கான இரும்புத்தூள் டப்பா இப்போது அங்கேதான் வீற்றிருக்கிறது. ஒரு சிட்டிகை தூள் சுருளின் இடைவெளியில் புகுந்தாலும் ஒலிபெருக்கி அதன்பின் உரசிக்கொண்டேதான் இருக்கும். ஆகையால் டப்பாவை முதலில் வேறு அலமாரிக்கு மாற்றிவிட வேண்டும்.